ஏழு வருஷம் எங்கே போச்சு?

நடுவர் நீதிமன்றத்தில் ஏபிபியாக (அரசு உதவி வழக்கறிஞராக) இருந்தபோது நடத்திய வழக்கு. விடிகாலையில் பால் வாங்கப் போன ஓர் அம்மாவை ஒருவன் மடக்கி, கத்தியைக் காட்டித் தாலிச்சங்கிலியைப் பறித்திருக்கிறான். அவர் சங்கிலியை விடவில்லை, உள்ளங்கையில் வெட்டு. தீர்ப்பு, அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 394ஆம் பிரிவில் (கொள்ளையில் காயப்படுத்துவது) ஓராண்டு சிறை. இளவயது, முதல் குற்றம் என்று காரணம்.

மறுநாள் அந்த அம்மா வந்து என் மேசைமேல் கையை விரித்து வைத்தார். கட்டைவிரல் அடியிலிருந்து குறுக்கே ஓடிய தழும்பு. “கத்தி காட்டினா ஏழு வருஷம்னு ஸ்டேஷன்ல சொன்னாங்களே சார்?”

சொன்னது சரிதான். அதே சட்டத்தின் 397 (கொள்ளையில் கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்துவது) என்றால் 7 ஆண்டுக்குக் குறையாது. ஆனால் கத்தி சிக்கவில்லை என்று குற்றப்பத்திரிகையில் 397ஐயே விட்டுவிட்டார்கள். கத்தியைக் காட்டி மிரட்டினாலே பயன்படுத்தியதுதான் என்று பூல் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975லேயே சொல்லியிருக்கிறது. விசாரணை நடக்கும்போதே, 397ஐ விசாரிக்கிற மேல்நிலை செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லி நானாவது மனு போட்டிருக்கலாம். தினம் இருபது வழக்குக் கட்டு பார்க்கிற அவசரத்தில் போடவில்லை.

“நானே அப்பீல் போடட்டுமா?”

முடியாது. விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவர் போகலாம். தண்டனை போதாது என்று போக முடியாது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அரசுதான் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 377இன்கீழ் போட வேண்டும் (இப்போது அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 418). அதற்குக் கருத்துரை எழுதி, மேலே அனுப்பி, உத்தரவு வாங்க வேண்டும். செஷன்ஸில் போட 30 நாள் கெடு. அது தாண்டியதால் தாமத மன்னிப்பு மனு வேறு.

அந்த அம்மாவிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. முதல் வகுப்பு நடுவர் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 3 ஆண்டு. தண்டித்த நீதிமன்றத்தின் வரம்பைத் தாண்டி மேல்முறையீட்டில் கூட்ட முடியாது. அதாவது நாங்கள் ஜெயித்தாலும் மூன்றுதான். அதே மேல்முறையீட்டில் அவன் விடுதலையே கேட்கலாம், அதுவும் சட்டம் கொடுத்த உரிமை.

மேல்முறையீட்டு நோட்டீஸை அவனிடம் கொடுக்கப் போன ஏட்டு சாயங்காலம் திரும்பினார். ரிமாண்டில் இருந்த நாட்களும் தண்டனையில் கழிந்து, அவன் எப்போதோ வெளியே வந்து லோடு ஆட்டோ ஓட்டுகிறானாம்.

“‘அதான் முடிச்சிட்டேனே ஏட்டய்யா, மறுபடி எதுக்கு?’ங்கிறான். நான் என்ன சார் சொல்றது?”

அவன் கையெழுத்திட்ட நோட்டீஸ் நகலை வாங்கி வழக்குக் கட்டில் சேர்த்தேன்.