கண்ணாடிப் பாலத்துக்குப் போய் சக்கையோடு திரும்பினோம்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத்தான் திருச்சி வந்து சேர்ந்தோம். பையை இன்னும் பிரிக்கவில்லை. சமையலறை மூலையில் ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருக்கிறது. பதினோரு கிலோ இருக்கும், வீடு முழுக்க அதன் வாசம்தான். அது எங்களோடு எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். கன்னியாகுமரிக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வரிசை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்போம்.

முதல் நாள் கதை சின்னது. 'கடல் பார்த்த அறை' என்று 1,800 ரூபாய் வாங்கிய விடுதியில், கடலைப் பார்க்க வேண்டுமென்றால் குளியலறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்து, பெருங்கூட்டத்தோடு கடற்கரையில் நின்று, மேகத்தைப் பார்த்தோம். வெளிச்சம் வந்ததை வைத்து, சூரியன் உதித்துவிட்டான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். சரி, விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்களே, அந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்திலாவது நடக்கலாம் என்று போனால், கடல் சீற்றம், படகு கிடையாது. ஜூன் மாதக் காற்றில் இது வழக்கம்தானாம். வழக்கம் என்றால் அறை பதிவு செய்யும்போதே விடுதிக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? 133 அடி வள்ளுவரைக் கரையில் நின்றே கும்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு சுக்குக் காப்பி குடித்தோம். என் மனைவி சின்ன நோட்டு ஒன்றில் செலவு எழுதிக்கொண்டே வருவாள். அன்றைய பக்கத்தின் அடியில் 'பார்த்தது: மேகம்' என்று எழுதி வைத்திருந்தாள்.

அப்போதுதான் அலுவலக நண்பர் ஞாபகம் வந்தது. கேரள எல்லைப் பக்கத்துச் சின்னத்துறைக்காரர், விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். ஃபோன் போட்டேன். "கல்லையும் பாறையையும் எதுக்கு வே பாக்கீரு? நாளைக்கு எங்களுக்கு களி உண்டு. கெளம்பி வாரும்" என்றார். களி என்றால் விளையாட்டு, இங்கே கால்பந்து. சிறையில் போடுகிற களி என்று நினைத்து மனைவி கொஞ்சம் பயந்துவிட்டாள். மேற்கே போகப் போக இந்த மாவட்டத்துத் தமிழில் மலையாளம் கலந்துகொண்டே போகும். 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்த பகுதி, வேறெப்படி இருக்கும்!

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் வரை போனதில் சொல்ல ஒன்றும் இல்லை. மார்த்தாண்டத்தில் ஏறிய டவுன் பஸ்ஸைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மனைவிக்கு இலவசம், எனக்கு டிக்கெட். அந்தச் சந்தோஷத்தில் அவள் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, தகர ஷட்டர்தான். அதுவும் பாதியில் மாட்டிக்கொண்டதை யாரோ நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். வெளியே மழை சாரலாகத்தான் பெய்தது, என் மடியில் மட்டும் ஊற்றியது. ரோடு என்று ஒன்று இருந்த அடையாளம் சில இடங்களில் தெரிந்தது. எதிர் சீட்டு மீன்கார அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் அலுமினியப் பாத்திரத்தின் மூடியைக் கழற்றி, "இந்தா மக்களே, இத மடியில வை" என்று நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டேன். நனையவில்லை. ஆனால் அன்று முழுக்க எந்தக் கூட்டத்தில் நின்றாலும் ஊர்க்காரன் வாசம் எனக்கு வந்துவிட்டது.

நித்திரவிளையில் பஸ் பஞ்சர். அங்கிருந்து ஆட்டோ. முன்னூறு கேட்டார். மூன்று, நாலு கிலோமீட்டருக்கு முன்னூறு! மழை என்றார், ரோட்டைப் பாருங்கள் என்றார், திரும்பி வரும்போது சவாரி கிடைக்காது என்றார். இருநூற்றைம்பதுக்கு இறங்கினார். வழியெல்லாம் அடிக்கடி வாட்சைப் பார்த்துக்கொண்டு, பள்ளம் மேடு எதையும் பார்க்காமல் ஓட்டினார். நண்பரிடம் தொகையைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "நூறு ரூவா ஓட்டமாக்கும் அது." அந்த இருநூற்றைம்பது சாயங்காலம் வரை என் வயிற்றுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டோக்காரரை மறந்துவிடாதீர்கள், திரும்பவும் வருவார்.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. கேரள எல்லையிலிருந்து குழித்துறைத் தாமிரபரணி (நெல்லைத் தாமிரபரணி இல்லை) கடலில் சேரும் இடம் வரை எட்டு ஊர்கள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே ஐந்து வயதுப் பையனுக்குத் தெரிகிறது. அந்தக் கோடுதான் கால்பந்தில் எல்லாமே. தமிழ்நாட்டுக்காகச் சந்தோஷ் கோப்பை ஆடியவர்கள் பலர் இந்த மணலில் உதைத்துப் பழகியவர்கள். 2019–20இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பட்டம் வென்ற கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் ஆடிய மைக்கேல் சூசைராஜும் இந்தக் கரைக்காரர்தான். நான் போன கிளப்பின் பெயரை எழுத வேண்டாம் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். தோற்றுவிட்டார்கள், அதனால்.

கிளப் என்றால் குருசடிக்கு (சிலுவை வைத்த சின்ன வழிபாட்டு இடம்) பக்கத்தில் ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே கேரம் போர்டு, வலை சுற்றிய பந்துகள், அலமாரி கொள்ளாத கோப்பைகள். ஒரு பலகையில் யார் யாருக்கு என்ன ரத்த வகை என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே அந்த மாதச் சந்தா பாக்கிக்காரர்கள் பட்டியல். ரத்தத்துக்குக் கூப்பிட்டால் உடனே வருவார்களாம், சந்தாவுக்குத்தான் வரமாட்டார்களாம். சுவரில் அணிப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. 2017 தொடக்கத்தில் எடுத்த ஒன்றைத் துடைத்துக்கொண்டே செயலாளர் இரண்டு முகங்களைத் தொட்டுக் காட்டினார். "ஒக்கி" என்றார். அந்த நவம்பர் கடைசியில் அடித்த புயல் இந்த ஊர்களை என்ன செய்தது என்று நாம் செய்தியில் பார்த்துவிட்டு மறந்துவிட்டோம். அவர் படத்தைத் திரும்ப நேராக மாட்டிவிட்டு, சாயா சொல்ல வெளியே போனார்.

ஜூன் மாதத்தில், கொட்டுகிற மழையில், எதற்குப் பந்தயம் வைக்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டா விளக்கினார். அங்கே தாத்தாவுக்கு அதுதான் பெயர். இந்த மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலமே இரண்டு. கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான். இந்த எட்டு ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிக்கப் போகிறவர்கள். பல படகுகள் கொச்சியைத் தளமாக வைத்து ஓடுகின்றன. கிளம்பினால் வாரக்கணக்கில் வீட்டுப் பக்கம் வர முடியாது. "மத்த மாசம் ஏழு பேரத் தேடணும். இப்பம்தான் எல்லாவனும் கரையில உண்டு" என்றார் பாட்டா. படகு கடலில் இருந்தால் லெஃப்ட் பேக்கும் கடலில், கோலியும் கடலில். வேறு ஊர் கிளப்புகளில் யாருக்கு அடி, யாருக்குக் காய்ச்சல் என்று கேட்பார்கள். இங்கே எந்தப் படகு எப்போது கரையேறும் என்று கேட்கிறார்கள். இவர்களின் சென்டர் ஃபார்வர்டுக்கு வளைகுடா விசா வந்துவிட்டது, புதன்கிழமை விமானம். அடிபட்டால் என்ன செய்வது என்று அவர் அம்மா இறங்க விடவில்லை. மைக்கில் இதையும் அறிவித்தார்கள்!

மைக்காரரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். "இன்றைய பந்தை அன்பளிப்பாக வழங்கியவர்" என்று ஒரு விசைப்படகு உரிமையாளரை வாழ்த்திய அதே மூச்சில், வெள்ளை ஸ்கூட்டரை வழியிலிருந்து எடுக்கச் சொன்னார், மூன்றாம் தெருவில் காணாமல் போன ஆட்டைப் பற்றி விசாரித்தார், நேற்றுப் பிறந்த பெண் குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னார். மூன்றரைக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் நாலே காலுக்குத்தான் தொடங்கியது. எதிரணியின் ஒருவர் வரத் தாமதம். கடைசியில் ஓடி வந்தார், காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டே. என் ஆட்டோக்காரர்!

செவன்ஸ் ஆட்டம், அதாவது அணிக்கு ஏழு பேர், பாதிக்கு இருபத்தைந்து நிமிடம். ஒரு கோலுக்குப் பின்னால் அலைத்தடுப்புப் பாறைகள், அதற்குப் பின்னால் கடல். மறு கோலுக்குப் பின்னால் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். திருவிதாங்கூர் ராஜா காலத்தில் படகுப் போக்குவரத்துக்கு வெட்டியது. சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய் என்கிறார்கள், சினிமா கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பந்து கால்வாயில் விழுந்தால் ஆகாயத்தாமரைக்குள் இறங்கி எடுக்க இரண்டு பையன்கள், ஒரு முறைக்கு ஒரு மிட்டாய். கடலில் விழுந்தால் ஆட்டம் நிற்கும், அலையாகப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும்.

இவர்கள் கோலிக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். கையுறை இல்லை. ஏன் என்று நண்பரிடம் கேட்டேன். ஆட்டத்துக்கு முன்பே கையைப் பிடித்துக் காட்டச் சொல்லியிருக்கலாமே என்றார். பிறகு பார்த்தேன். தூண்டில் கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்ப்புக் காய்ச்சி, பழைய செருப்புத் தோல் மாதிரி இருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே தூண்டில் முள் ஏறிய தழும்பு. ஒரு பெனால்டியை அந்தக் கையால் அவர் தடுத்தபோது எழுந்த சத்தம் எனக்குப் பத்தடி தள்ளிக் கேட்டது. பாறை மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் கூட்டம் எழுந்து நின்று கத்தியதில், ரெஃப்ரி தன் விசிலைத் தானே கேட்டிருக்க மாட்டார். அந்த ரெஃப்ரியைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் உண்டு. வேண்டாம், அவருக்கு அன்றைக்கே நிறையக் கிடைத்துவிட்டது.

இடைவேளையில் ஏலம். போன வருடம் முட்டி ஜவ்வு கிழிந்த ஒரு பையனின் சிகிச்சைக் கடனுக்காக, யாரோ கொடுத்த சேவல், ஒரு குலை மட்டி வாழைப்பழம், ஒரு பலாப்பழம். அங்கே பலாவைச் சக்கை என்கிறார்கள். "தேன் வருக்கை, தேன் வருக்கை" என்று மைக்காரர் கூவினார். சுளை கெட்டியாக இருந்தால் வருக்கை, குழைந்து கூழாக இருந்தால் கூழச் சக்கை. மவுசு வருக்கைக்குத்தான். ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது என்று ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து என் மனைவி, தூரத்தில் போன சாயாப் பையனைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள். "அறுநூறு! விருந்தாளி அக்கா அறுநூறு! ஒரு தரம், ரெண்டு தரம்..." அவள் கையை இறக்குவதற்குள் மூன்றாவது தரமும் சொல்லிவிட்டார். மைதானமே கைதட்டியது. முட்டி ஜவ்வுக்காரப் பையன் நொண்டிக்கொண்டே வந்து சக்கையை அவள் காலடியில் வைத்தான். இதற்கு மேல் என்ன பேச முடியும்? அறுநூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

இரண்டாம் பாதியில் 1–1. கடைசி மூன்று நிமிடத்தில் வலதுபுறம் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவர் யார் என்று சொல்லவே வேண்டாம். மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி, மத்தியானம் ஆட்டோவில் காட்டாத திறமையெல்லாம் காட்டிக்கொண்டு போய், கோலியின் இடது பக்கம் தாழ்வாக அடித்தார். 2–1. என் 250 ரூபாய் பெட்ரோலில் வந்து எங்களையே தோற்கடித்துவிட்டார். 'எங்களை' என்று எப்போதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் நேராக வந்து, "சாரே, நித்திரவிளைக்கா? கேறுங்க, பைசா வேண்டாம்" என்றார். ஏறவில்லை. ரோஷம்.

சாப்பாட்டை மறந்தே போனேன், அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். மத்தியானம் நண்பர் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் (நம்ம மரவள்ளிதான்) அயிலை மீன் குழம்பும். தடைக்காலத்தில் மீன் ஏது என்றேன். தடை விசைப்படகுக்குத்தான், வள்ளக்காரர்கள் (சின்ன நாட்டுப் படகுக்காரர்கள்) காலையில் கொண்டுவந்தது என்றார் அவர் அம்மா. தேங்காயை வெண்ணெயாக அரைத்து, மாங்காய் போட்டு, மேலே தேங்காயெண்ணெய் மிதக்கிற சிவப்புக் குழம்பு. மசித்த கிழங்கில் நடுவே குழி செய்து அதில் ஊற்றி, மீனின் நடுமுள்ளை ஒரே இழுப்பில் எப்படி எடுப்பது என்று எனக்கு இரண்டு முறை செய்து காட்டினார். மூன்றாவது முறை என்னை நம்பாமல் அவரே எடுத்து வைத்துவிட்டார். முந்தின நாள் கன்னியாகுமரியில் 220 ரூபாய்க்குச் சாப்பிட்ட மீன் சாப்பாட்டை நினைத்து இப்போதும் கோபம் வருகிறது.

திரும்பும் பஸ்ஸில் சக்கையை எஞ்சின் பக்கத்தில் வைத்தோம். கண்டக்டர் மனைவியிடம் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, சக்கையைப் பார்த்தார். "ஆளுக்கு ஃப்ரீ. இதுக்கு டிக்கெட் உண்டு." அவர் சொன்னது சரிதான், வாதாடிப் பார்த்தும் பயனில்லை.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: ரயில் டிக்கெட் நீங்கலாக இரண்டு பேருக்கு, இரண்டு நாளைக்கு 5,140 ரூபாய். இதில் சக்கைக்கும் அதன் லக்கேஜ் டிக்கெட்டுக்கும் நோட்டில் தனிப் பக்கம் இருக்கிறது. தங்குவதானால் கன்னியாகுமரியில் தங்காதீர்கள், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தங்குங்கள். ஜூன், ஜூலையில் போனால் சூரியனை நம்பாதீர்கள், மேற்கே போய்விடுங்கள். பந்தயம் எந்த ஊரில் என்று மார்த்தாண்டம் பஸ் நிலையத்தில் எந்த மீன்கார அம்மாவைக் கேட்டாலும் சொல்லுவார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நண்பர் ஃபோன் செய்தார். அடுத்த ஞாயிறு மூன்றாம் இடத்துக்கான ஆட்டமாம். "சக்கைய வெட்டியாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும் கத்திக்கு எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னார். போய்த் தடவி, செய்தித்தாள் விரித்து, இருவருமாக உட்கார்ந்து வெட்டினோம்.

வருக்கை இல்லை. கூழச் சக்கை.