மைட்டோமைசின் எத்தனை மில்லிகிராம்?

மனைவிக்கு வந்தது சூடோமிக்ஸோமா பெரிட்டோனி. பெரும்பாலும் அப்பெண்டிக்ஸில் தொடங்கி, வயிறு முழுக்க ஜெல்லி மாதிரிச் சளியை நிரப்பிவிடும் அரிய புற்றுநோய். இங்கிலாந்தில், பேசிங்ஸ்டோக்கில் ஒப்பரேஷன். கட்டியை வெட்டியெடுத்த பிறகு, மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைச் சூடாக்கி வயிற்றுக்குள் ஒரு மணி நேரம் ஓடவிடுவார்கள், உடற்பரப்பில் சதுர மீற்றருக்கு 10 மில்லிகிராம் என்றார் டொக்டர்.

அன்றிரவே ஹொலண்டிலிருந்து மச்சான் போன் எடுத்தார். "அத்தான், இஞ்ச 35 குடுக்கிறாங்கள். அங்க ஏன் இவ்வளவு குறைய?" கனடாவிலிருந்து என் தங்கச்சி: "அண்ணா, அமெரிக்காவில 40 எண்டு கிடக்கு." பாரிஸில் இருக்கும் தம்பி, இந்தச் சூட்டு மருந்தே வீண் என்று ஒரு பிரெஞ்சு ஆய்வை அனுப்பினான். வாசித்தால் அது பெருங்குடல் புற்றுநோய்க்காரருக்கு ஒக்ஸாலிபிளாட்டினை 30 நிமிடம் கொடுத்துப் பார்த்த பிரோடீஜ் 7. நோயும் வேறு, மருந்தும் வேறு.

கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சென்ரிமீற்றரில் உயரத்தையும் கிலோவில் நிறையையும் பெருக்கி, 3600 ஆல் பிரித்து, வர்க்கமூலம் எடுத்தால் உடற்பரப்பு வரும். 155 செ.மீ., 52 கிலோ என்றால் ஏறத்தாழ 1.5. இங்கே 15 மில்லிகிராம், டச்சு முறையில் 52.5. அமெரிக்க 40 சதுர மீற்றர்க் கணக்கே இல்லை, ஆளுக்கு மொத்தமே அவ்வளவுதான்: முதலில் 30, ஒரு மணி நேரம் கழித்து 10. தங்கச்சி சொன்ன 40, மச்சானின் 35 ஐ விடக் குறைவு! டச்சுக்காரரும் ஒரேயடியாக ஊற்றுவதில்லை. முதலில் பாதி, பிறகு அரை மணிக்கொருமுறை கால் கால், மொத்தம் ஒன்றரை மணி நேரம். சூட்டிலும் ஒன்றிரண்டு பாகை வித்தியாசம். எத்தனை லீற்றரில் கரைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் செறிவும் மாறும்.

கொப்பியை அப்படியே டொக்டரிடம் நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தின் ஓரத்தில் 2.5 மி.மீ. என்று எழுதி வட்டம் போட்டார். மருந்து அந்த ஆழத்துக்குத்தான் ஊறும், அதைவிடத் தடித்த கட்டி மிஞ்சினால் 15 ஆனாலும் 52 ஆனாலும் கைகொடுக்காது என்றார். அளவு கூடினால் இரத்தத்தில் வெள்ளணு இறங்கும் ஆபத்தும் கூடுமாம். எத்தனை மில்லிகிராம் என்று கேட்டுத் திரிந்த நேரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டிருக்கலாம்.

ஒப்பரேஷன் காலையில் தொடங்கி இரவில்தான் முடிந்தது. சிசி-0, கண்ணுக்குத் தெரிய ஒன்றும் மிச்சமில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு வெள்ளணு கொஞ்சம் இறங்கி, தானாகவே ஏறியது. மச்சானுக்குச் சொன்னேன். "சிசி-0 எண்டா எத்தனை மில்லிகிராம் அத்தான்?" என்றார்.