சொந்தமாக முதல் இணையதளம்: எங்கே நிதானம் வேண்டும்

கோடிங் தெரியாதவர்கள் இணையதளம் தொடங்கும்போது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தைத் தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் பார்ப்பதிலேயே செலவழிக்கிறார்கள். தளத்தின் பெயரான டொமைனையோ ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். இது தலைகீழ். தீம் பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாதமே வேறு போட்டுக்கொள்ளலாம், எழுதிய எதுவும் போகாது. டொமைன் யார் கணக்கில் இருக்கிறது, எந்த மின்னஞ்சலில் பதிவானது, எழுதும் பதிவுகளின் முகவரி எப்படி அமைகிறது, பேக்கப் (காப்புப் பிரதி) எங்கே போகிறது என்ற நான்கையும்தான் பிறகு மாற்றப்போனால் படாத பாடு படவேண்டும். நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

சமையல் குறிப்போ, பயணமோ, ஊர் வரலாறோ, எழுதுவது மட்டுமே உங்கள் நோக்கமென்றால் கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரே போதும். தளம் தங்கும் இடத்துக்குக் காசு இல்லை, அப்டேட் பார்க்கும் வேலை இல்லை, சொந்த டொமைனையும் இணைத்துக்கொள்ளலாம். கடை, முன்பதிவு, பல பிரிவுகள் என்று வளர வாய்ப்பிருந்தால் வேர்ட்பிரஸ். தளத்தை உருவாக்கி நடத்த உதவும், 2003இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள் இது. உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. அதனால் உங்களுக்கு வரும் எந்தச் சிக்கலையும் யாராவது ஏற்கெனவே தீர்த்து எழுதி வைத்திருப்பார்கள், புதியவருக்கு அதுவே பெரிய துணை. பெயரில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது இடத்தையும் சேர்த்துத் தரும் சேவை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் கிடைப்பது மென்பொருள் மட்டும். அது இலவசம், இடத்தை நாம் தனியாகப் பிடிக்க வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வழிக்கு.

பெயரும் இடமும்

டொமைன் பெயரை முடிவு செய்வதற்குமுன் ஒரு சோதனை: நண்பர் ஒருவரைப் போனில் கூப்பிட்டு, பெயரை வாயால் மட்டும் சொல்லி, ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். தமிழ்ச் சொல்லில் இது முக்கியம். 'ழ'வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். 'த'வுக்கு டி மட்டுமா, டி-எச்சா? நெடிலுக்கு ஏ ஒன்றா, இரண்டா? மூன்று பேரிடம் கேட்டு மூன்று விதமாக வந்தால் வேறு பெயர் பாருங்கள். இடையில் கோடு, எண் எதுவும் வேண்டாம். 'டாட் இந்தியா' போலத் தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைன்களும் உண்டு, பார்க்க அழகு. ஆனால் அதை ஒத்துக்கொள்ளாத படிவங்களும் மின்னஞ்சல் சேவைகளும் இன்னும் இருக்கின்றன. முதல் தளத்துக்கு டாட் காம் அல்லது டாட் இன் எடுத்துக்கொள்ளுங்கள்.

டாட் காம் பெயர் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும். விளம்பரத்தில் காட்டுவது முதலாண்டு விலை. நீங்கள் பார்க்க வேண்டியது புதுப்பிப்பு விலை. இந்தியாவில் வாங்கினால் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். பணம் கட்டும் பக்கத்தில் மின்னஞ்சல், பாதுகாப்பு என்று தாமாகவே டிக் ஆகியிருக்கும் கூடுதல்களை எடுத்துவிடுங்கள். முதல் நாளில் அவை தேவைப்படாது.

இனி, மிக முக்கியமான விஷயம். டொமைன் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் இருக்க வேண்டும். தெரிந்த தம்பி, டிசைன் செய்பவர், கம்ப்யூட்டர் சென்டர்காரர் யாராக இருந்தாலும் அவர்கள் கணக்கில் வாங்கித் தரச் சொல்லாதீர்கள். நல்லவராகவே இருப்பார். ஆனால் வேலை மாறி, ஊர் மாறி, அந்த மின்னஞ்சலையே அவர் மறந்துபோனால் உங்கள் பெயர் உங்களிடம் திரும்பி வருவது கடினம். பதிவு செய்யும் மின்னஞ்சலும் அந்த டொமைனிலேயே இயங்கும் முகவரியாக இருக்கக்கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த முகவரியும் செத்துவிடும், மீட்பதற்கான கடிதமும் அங்கேதான் போகும். சாதாரண ஜிமெயில் முகவரியே பாதுகாப்பு.

வாங்கியவுடன் ஒரு சரிபார்ப்புக் கடிதம் வரும். டாட் காம் போன்ற பெயர்களுக்கு 15 நாளுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் டொமைன் நிறுத்தி வைக்கப்படும். நன்றாக ஓடிய தளம் இரண்டு வாரத்தில் திடீரென்று மறைவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். ஸ்பேம் பெட்டியிலும் தேடுங்கள். புதுப்பிப்பைத் தானியங்கியாக வைத்தாலும் கார்டு காலாவதியாகும் மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கெடு தாண்டினால் சில நாள் சலுகைக் காலம் கிடைக்கும், எத்தனை நாள் என்பது விற்றவரைப் பொறுத்தது. அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அப்போது கட்டணம் பல மடங்கு. அதையும் விட்டால் 5 நாளில் பெயர் பொதுவில் விடப்படும், யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

தளத்துக்கு இடம் பிடிப்பதுதான் ஹோஸ்டிங். அதற்கு, பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் மிகச் சிறிய திட்டம் போதும். தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் இலவச எஸ்எஸ்எல் சான்றிதழ், ஒரே கிளிக்கில் வேர்ட்பிரஸ் நிறுவும் வசதி, வாசகர்கள் இந்தியாவிலோ இலங்கையிலோ என்றால் மும்பையிலோ சிங்கப்பூரிலோ சர்வர், இவ்வளவு பார்த்தால் போதும். 'மாதம் இவ்வளவுதான்' என்ற விலை பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டுமே. ஓராண்டுக்கு எடுங்கள், சேவை சரியில்லையென்றால் கிளம்பலாம்.

டொமைனை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும் வாங்குவது நல்லது. ஒரு கணக்கு முடங்கினாலும் மற்றது கையில் இருக்கும். அப்படி வாங்கினால், டொமைன் எந்தச் சர்வரைக் காட்ட வேண்டும் என்று சொல்ல ஹோஸ்டிங்காரர் தரும் இரண்டு நேம்சர்வர் முகவரிகளை டொமைன் கணக்கில் போட வேண்டும். மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரச் சில மணி நேரம் முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம். வீட்டு வைஃபையில் பழைய பக்கமும் மொபைல் டேட்டாவில் புதிய தளமும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், காத்திருங்கள். அந்த நேரத்தில் திரும்பத் திரும்ப மாற்றினால் குழப்பம்தான் கூடும். டொமைன் சர்வரைக் காட்டத் தொடங்கிய பிறகே எஸ்எஸ்எல் சான்றிதழ் கிடைக்கும் என்பதால், அதற்குமுன் அழுத்தினால் பிழைதான் வரும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழ் 90 நாளுக்குச் செல்லும், ஹோஸ்டிங் பக்கமே அதைத் தானாகப் புதுப்பித்துவிடும். இதற்குப் பணம் கேட்டால் தர வேண்டியதில்லை.

நிறுவிய முதல் அரை மணி நேரம்

வேர்ட்பிரஸ் நிறுவும்போது பயனர் பெயராக 'அட்மின்' என்று வைக்காதீர்கள். தளங்களுக்குள் நுழையப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் முதலில் முயல்வது அந்தப் பெயரைத்தான்.

செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தைத் திறந்து தள மொழியைத் தமிழாக்குங்கள். தேதிகள் தமிழில் வரும், பக்கம் தமிழ் என்று பிரவுசருக்கும் தெரியும். உங்கள் புரொஃபைலில் மட்டும் மொழியை ஆங்கிலமாக வையுங்கள். உதவிக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கில மெனுப் பெயர்களைத்தான் சொல்லும். நேர மண்டலத்தைக் கொல்கத்தா அல்லது கொழும்பு என்று மாற்றாவிட்டால், காலை 6 மணிக்கு என்று நேரம் குறித்து வைத்த பதிவு 11.30க்கு வரும். அதே பக்கத்தில் தளத்தின் முகவரி இரண்டு பெட்டிகளில் இருக்கும். அதில் ஓர் எழுத்துப் பிசகினாலும் உள்ளே நுழையவே முடியாது, பிறகு ஹோஸ்டிங் உதவிக் குழு டேட்டாபேஸில்தான் (தளத்தின் தரவுகள் சேமிக்கப்படும் இடம்) திருத்த வேண்டியிருக்கும். எஸ்எஸ்எல் வந்த பின்னும் முகவரி 'எஸ்' இல்லாத எச்டிடிபியில் இருந்தால் மட்டும் அங்கே கை வையுங்கள்.

ரீடிங் பக்கத்தில் தேடுபொறிகளைத் தடுக்கும் டிக் பெட்டி ஒன்று உண்டு. தளம் தயாராகும்வரை அதைப் போட்டு வைப்பது சரி. எடுக்க மறந்துவிட்டு, ஆறு மாதமாகக் கூகுளில் வரவில்லையே என்று தேடுபவர்கள் ஏராளம்.

தமிழில் எழுதுபவரை அதிகம் சறுக்கவைப்பது பெர்மாலிங்க், அதாவது ஒவ்வொரு பதிவின் நிலையான முகவரி. அமைப்பைப் 'போஸ்ட் நேம்' என்று வையுங்கள், ஆனால் அது போதாது. தமிழில் தலைப்பு அடித்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து, ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. 'வத்தக்குழம்பு' என்ற எட்டெழுத்துச் சொல்லில் புள்ளிகளையும் உகரக் குறிகளையும் தனித்தனியே எண்ணினால் 13 குறிகள். முகவரியில் அது 117 எழுத்தாகிறது. 'வத்தக்குழம்பு செய்வது எப்படி' என்பது 236. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பதோ 200தான், கடைசிச் சொல் பாதியில் அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் ஐந்தாறு வரிக்குச் சதவீதக் குறிகள் நிற்கும், பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார். அதனால் ஒவ்வொரு பதிவிலும், வெளியிடுவதற்குமுன், வலப்பக்கம் ஸ்லக் (முகவரியில் பதிவைக் குறிக்கும் பகுதி) என்ற இடத்தில் இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் நீங்களே அடியுங்கள். வெளியிட்டபின் ஒரு பதிவின் ஸ்லக்கை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும். பெர்மாலிங்க் அமைப்பையே ஓராண்டு கழித்து மாற்றினால் அந்த உதவியை நம்ப முடியாது.

எழுத்துருவுக்கு வருவோம். பல தீம்களின் எழுத்துருவில் தமிழே கிடையாது. அப்போது விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம் என்று ஒவ்வொரு சாதனமும் தன்னிடம் இருப்பதைப் போட்டுக்கொள்ளும். தவறில்லை, ஆனால் நீங்கள் பார்ப்பதை வாசகர் பார்க்கமாட்டார். 2024இல் வந்த 6.5 பதிப்பு முதல், பிளாக் தீம்களில் (முழுத் தளத்தையும் எடிட்டரிலேயே வடிவமைக்கும் தீம்கள்) எடிட்டருக்குள்ளேயே எழுத்துரு நூலகம் இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவற்றில் ஒன்றை எடுத்து, சாதாரணம், தடிமன் என்ற இரண்டு எடைகளை மட்டும் நிறுவுங்கள். எடை கூடக் கூடப் பக்கம் மெதுவாகும். வரி உயரத்தை 1.7 அல்லது 1.8 ஆக்குங்கள். மேலே சுழியும் கீழே வாலும் உள்ள எழுத்துகளுக்கு ஆங்கிலத்துக்கான 1.5 நெருக்கடி. எழுத்து இடைவெளி பூஜ்யமாக இருக்கட்டும், இல்லையேல் சொல் சிதறித் தெரியும். இரு பக்கமும் சமப்படுத்துவதும் வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, போன் திரையில் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும், நடுவில் ஓட்டை விழும்.

பழைய பாமினி எழுத்துருவில் டைப் செய்த கோப்பு இருந்தால் அப்படியே ஒட்டாதீர்கள். பிரவுசரில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்து, ஒருமுறை மெய்ப்பும் பாருங்கள்.

போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், மூன்று நான்கு எம்பி இருக்கும். பதிவுக்கு 1600 பிக்சல் போதும். ஸ்கூஷ் போன்ற இலவசக் கருவியில் அளவைக் குறைத்து, 75 முதல் 80 தரத்தில் சேமித்தால் பெரும்பாலும் 300 கேபிக்குள் வந்துவிடும். இதைச் செய்யாமல் பத்துப் படம் போட்ட பதிவு, சிக்னல் குறைந்த ஊரில் திறக்கவே திறக்காது.

கூடுதல் வசதி தரும் துணை நிரலான பிளகின் பத்து இருபது என்று ஏற்ற வேண்டாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம், பிளகினை 'இலவசமாக' யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அவற்றுக்குள் பின்வாசல் நிரல் ஒளிந்திருப்பது சாதாரணம்.

தொடர்புப் படிவம் போட்டவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, 'அனுப்பினேன் என்கிறார்கள், எனக்கு எதுவும் வரவில்லை' என்பது. படிவத்தில் பழுதில்லை. 2024 பிப்ரவரி முதல், தனிப்பட்ட ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் எல்லோருக்கும், கடிதம் அந்த டொமைனுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் சான்று வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. வெறும் சர்வரிலிருந்து சான்றில்லாமல் கிளம்பும் கடிதம் ஸ்பேமுக்குப் போகும், இல்லையேல் வழியிலேயே நிராகரிக்கப்படும். அனுப்புநர் இடத்தில் படிவத்தை நிரப்பியவரின் முகவரியைப் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரி, பதில் முகவரியாக அவருடையது என்று மாற்றி, மின்னஞ்சல் கணக்கில் நுழைந்து கடிதம் அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின் வழியாக 587ஆம் போர்ட்டில் (அமைப்பில் கேட்கும் இணைப்பு எண்) அனுப்புங்கள். இவ்வளவு வேண்டாம் என்றால் ஒரு வாட்ஸ்அப் இணைப்பு போதும். எண்ணுக்கு முன் நாட்டுக் குறியீடு (இந்தியாவுக்கு 91) வர வேண்டும், கூட்டல் குறியோ பூஜ்யமோ கூடாது.

தளம் தயாரானதும், கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் டொமைனைச் சேர்த்து, அவர்கள் தரும் டிஎக்ஸ்டி வரியை டிஎன்எஸ்ஸில் (டொமைனின் முகவரிக் குறிப்புகள் உள்ள பக்கம்) போட்டு உறுதி செய்யுங்கள். வேர்ட்பிரஸ் 2020இன் 5.5 பதிப்பு முதல் தளவரைபடத்தை (தேடுபொறிக்கான பக்கங்களின் பட்டியல்) தானே உருவாக்குகிறது, அதன் முகவரியைக் கொடுத்தால் போதும்.

பேக்கப்பில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. நீங்கள் எழுதியவை கோப்புகளாக இல்லை, டேட்டாபேஸில் இருக்கின்றன. படங்கள், தீம், பிளகின் போன்றவைதான் கோப்புகள். இரண்டையும் எடுத்தால்தான் பேக்கப் முழுமை, அதுவும் அதே சர்வரில் இருந்தால் சர்வரோடு போய்விடும். அப்டிராஃப்ட்பிளஸ் பிளகினின் இலவசப் பதிப்பே கூகுள் டிரைவுக்கு அனுப்பும். டேட்டாபேஸ் தினமும், கோப்புகள் வாரம் ஒருமுறை, கடைசி நான்கு பிரதிகள் என்று அமையுங்கள். பிறகு ஹோஸ்டிங்கில் ஒரு துணை டொமைன் (உங்கள் டொமைனுக்கு முன் ஒரு சொல் சேர்ந்த முகவரி) உருவாக்கி, அதில் வெறும் வேர்ட்பிரஸ் நிறுவி, அந்தப் பேக்கப்பைக் கொண்டுவந்து மீட்டுப் பாருங்கள். முகவரி வேறு என்பதால் சில இணைப்புகள் பழைய தளத்துக்கே போகும், அது பரவாயில்லை. பதிவுகளும் படங்களும் வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அந்தத் துணை டொமைனை அழித்துவிடுங்கள்.