கடைசி ஆளுக்கும் பின்னால்

எங்கள் ஓட்டக் குழுவில் எல்லோருக்கும் பின்னால் வருவது என் பொறுப்பு. யார் கடைசியோ, அவருக்கும் ஓரடி பின்னால் நான். அவர் நடந்தால் நானும் நடப்பேன், நின்றால் நிற்பேன். நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இது. குழுவின் கதைகளெல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

புதிதாக வருபவர்கள் கிளம்பியதுமே பாய்ந்து ஓடுவார்கள். நடந்தால் மானம் போய்விடும் என்று நினைப்பு. ஓடியே பழகாதவர்களுக்காக 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர் வகுத்த ஒன்பது வார ஓட்டப் பயிற்சித் திட்டம் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படியே மாறி மாறி இருபது நிமிடம். அவ்வளவுதான். இதைச் சொன்னால், "இதுக்குப் பேரு ஓட்டமா?" என்று கேட்பார்கள். ஓட்டம்தான். மூச்சுத்திறன் சில வாரங்களிலேயே கூடிவிடும். தசைநாண்களும் எலும்பும் அதைவிட மெதுவாகத்தான் பழகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தில் வலி வந்து நிற்கும். முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். பின்வரிசையில் நான் ஓயாமல் பேச்சுக் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம் (இன்னொன்று, என் சுபாவம்).

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓடியதே இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் வந்தார். ஒவ்வொரு முறை நடக்கும்போதும் மன்னிப்புக் கேட்பார். "நீங்க முன்னாடி போங்க அக்கா, நான் மெதுவா வந்துடறேன்" என்பார். "நான் முன்னாடி போனா என் வேலை போயிடும்மா" என்பேன். சில வாரங்களில் மன்னிப்பு நின்றது. அப்புறம் ஒருநாள், தடத்தின் குறுக்கே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்களை "கொஞ்சம் தள்ளுங்க, ஓடறோம்ல?" என்று அதட்டினார். அந்த "ஓடறோம்ல" எனக்குப் போதும்.

கடைசியில் ஒருவர் வருகிற இந்த ஏற்பாடு, பல நாடுகளில் வாராவாரம் நடக்கும் 'பார்க்ரன்' என்ற பொது ஓட்டங்களிலும் உண்டு. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹியூவிட் அதைத் தொடங்கியபோது ஓடியவர்கள் 13 பேர்தான். சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. அன்றைக்கு அதன் பெயரிலேயே 'டைம் ட்ரையல்' (நேரம் குறித்து ஓடுவது) இருந்தது. 2024-இல் தங்கள் இணையதளத்திலிருந்து வேகச் சாதனைப் பட்டியல்களை எடுத்துவிட்டார்கள். பலர் கோபப்பட்டார்கள். வேகமாக ஓடுவதில் தப்பென்ன என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்து மிரண்டு, வராமலே இருந்துவிட்டவர்கள் கோபப்படக்கூட அங்கே இல்லையே!

'எல்லோரும் வரலாம்' என்று எழுதிப்போடுவது சுலபம். கடைசி ஆள் வந்து சேர்வதற்குள் தண்ணீர் மேசையை மடித்துவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்? பெரிய அளவில் டி-ஷர்ட் இல்லை, பக்கத்தில் கழிப்பறை இல்லை, இருட்டோடு கிளம்ப வேண்டும் என்றால் பாதிப் பேர் தாமாகவே ஒதுங்கிவிடுவார்கள். யாரும் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் குழுவில் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். இரண்டு பக்கமும் வளையம் போட்ட சிறு கயிறு. ஒரு முனை அவர் கையில், மறுமுனை துணைக்கு ஓடுபவர் கையில். கையும் காலும் ஒரே தாளத்தில் வர வேண்டும். துணைக்கு வரும் புதியவர்கள் பதற்றத்தில் "பார்த்து, பார்த்து" என்று கத்துவார்கள். "அதைத்தான் நீங்க செய்யணும். எனக்கு மேடா பள்ளமா, எத்தனை அடியில, அதைச் சொல்லுங்க" என்பார் அவர். இப்போது "மூணு அடியில மேடு, இடது பக்கம் வளைவு" என்று சொல்லப் பழகியிருக்கிறார்கள்.

அவருக்குத் துணையாக ஓட எனக்கு ஆசைதான். நடக்காது, அவர் என்னைவிட வெகு வேகம். துணைக்கு ஓடுபவருக்கு அவரைவிடக் கூடுதல் வேகம் வேண்டும், பேசிக்கொண்டே ஓடுவதால் மூச்சும் மிச்சம் இருக்க வேண்டும். முன்வரிசைக்காரர்களைக் கேட்டால், தங்கள் டைமிங் கெட்டுவிடும் என்று தயங்குகிறார்கள். இரண்டு பேர் பழகிவிட்டார்கள். அவர்கள் இரண்டு பேருமே வராத வாரத்துக்கு மூன்றாவதாக ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.