மீ லா ப்யீ

ராத்திரி ஒன்றரை மணிக்கு எங்கள் தெருவே கூவுகிறது: "மீ லா ப்யீ!" கரண்ட் வந்துவிட்டதாம். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் கத்துவதில்லை. அம்மா எழுந்து நேரே கிரைண்டருக்குப் போய்விடுவார். விடிந்தால் இட்லிக் கடை. ஊறின அரிசி கரண்டுக்காகக் காத்திருக்குமா?

நாங்கள் இருப்பது பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்து சிரியம், இப்போதைய பெயர் தான்லின். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கரண்டுக்கு ஏங்குவதுதான் வேடிக்கை. வடக்கே யெனஞ்சாங் கிணறுகளின் எண்ணெய் வெள்ளைக்காரன் காலத்திலேயே குழாய் வழியாக இங்கே வந்துவிட்டது. அந்தச் சுத்திகரிப்பு ஆலையில் என் கொள்ளுத்தாத்தா கூலி. 1942 மார்ச்சில், ஜப்பான்காரன் வருமுன் வெள்ளைக்காரனே ஆலையைக் கொளுத்தினான். எத்தனையோ பேர் இந்தியாவுக்கு நடந்தார்கள். அவர் நடக்கவில்லை, அதனால்தான் நான் இங்கே.

இப்போது காசு கடலடி எரிவாயுவில். யாதனா வயலின் வாயு 1998 முதல் தாய்லாந்துக்கு, ஷ்வே வயலின் வாயு 2013 முதல் சீனாவுக்கு. யாதனா குழாய்க்காக ராணுவம் தங்களைக் கட்டாய வேலை வாங்கியது என்று தெற்கே தனிந்தாரி கிராமத்தார் அமெரிக்க நீதிமன்றம் வரை போனார்கள். அதில் பங்கு வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனி யூனோக்கால் 2005ல் சமரசமாகப் போனது. யாதனாவை நடத்திய பிரெஞ்சுக் கம்பெனி டோட்டல் 2022ல் வெளியேறியது, தாய்லாந்துக் கம்பெனி பிடிடிஇபி பொறுப்பேற்றது. வாயு நிற்கவில்லை. காசு யாரிடம் போகிறதென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், நான் எழுத வேண்டாம்.

எதிர்வரிசையில் மூன்று கூரைகளில் சீனத்துச் சோலார் தகடு. மூன்று வீட்டிலும் பிள்ளைகள் சிங்கப்பூரில். நாங்களும் விலை கேட்டோம். தகடு பரவாயில்லை, பேட்டரிதான் கழுத்தை நெரிக்கிறது. கிரைண்டர் கிளம்பும்போது இழுக்கிற இழுப்புக்குப் பெரிய இன்வர்ட்டர் வேண்டுமாம். சின்னது வாங்கினால் ரெண்டு விளக்கு, ஒரு ஃபேன், போன் சார்ஜ்.

"வெளிச்சம் வரும், மாவு வராது" என்றார் அம்மா.

வாயு விற்ற காசில் ஒரு துளி திரும்பி வந்திருந்தால் இந்தத் தெரு முழுக்கத் தகடு நின்றிருக்கும். இப்போது அவரவர் கூரைக்கு அவரவர் பிள்ளை அனுப்பும் பணம். வெளிநாட்டில் பிள்ளை இல்லாதவனுக்கு மெழுகுவத்தி. இதற்குப் பெயர் சூரியசக்திக்கு மாற்றமென்றால் எனக்கு ஒப்பவில்லை.

எதிர்வீட்டுப் பர்மாக்கார அம்மா, பகலில் வெயில் இருக்கும்போது வந்து அரைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நல்ல மனசு. ஆனால் உச்சிவேளையில் அரைத்த மாவு இந்தப் புழுக்கத்தில் பொழுது சாய்வதற்குள் பொங்கிவிடும், ஃபிரிட்ஜும் ஓடாது. அப்போதே இட்லி ஊற்றிவிடலாம், மாலைக் கடை போடலாம் என்று அம்மா கணக்குப் போடுகிறார்.

போடலாம்தான். இருட்டின பிறகு எங்கள் தெருவில் யார் வெளியே வருகிறார்கள்?