அருகம்புல்லில் ஒரு புல்தரை: சித்திரை முதல் தை வரை

வீட்டுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்ட் வெறும் தரை. கோவைக்கு மேற்கே, வடவள்ளியைத் தாண்டி இருக்கிறது வீடு. விசாரித்த நர்சரிகளில் எல்லாம் கொரியன் புல் அல்லது மெக்சிகன் புல்லைச் சதுரம் சதுரமாகக் கொண்டுவந்து பதித்துவிடலாம், ஒரே நாளில் பச்சை என்றார்கள். கொரியன் புல் பார்க்க அழகுதான். ஆனால் வளர்வது மெதுவாக. போகப்போக மேடு மேடாகத் திரண்டுகொள்ளும், அதன்மேல் மெஷின் ஓட்டுவது பாடு. எனக்கு அருகுதான் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். எங்கள் போர்த் தண்ணீரின் உப்பையும், பங்குனி வெயிலையும், வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுகிற எங்கள் குணத்தையும் தாங்கிக் கிடக்கிற புல் அது.

தோட்டத்து வரப்பில் கொஞ்சம் பறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதும் பெரியப்பா சிரித்துவிட்டார்.

"ஏங்கண்ணு, இதைப் புடுங்கிப் போடறதுக்கே நாங்க காலம் பூரா பாடுபடறோம். நீ தேடி வந்து கொண்டுபோயி நடறயா?"

"அதனாலதானுங்க பெரியப்பா கேக்கறேன். இத்தனை பாடுபட்டும் போகலைல்லங்க!"

வரப்புப் புல்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கோல்ஃப் மைதானங்களில் உலகம் முழுக்கப் புகழ்பெற்ற டிஃப்வே 419 என்ற ரகம், நம் அருகையும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அதன் பங்காளி ஒன்றையும் ஒட்டிப் பிறந்த கலப்பினம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில் க்ளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி உருவாக்கி, 1960இல் வெளிவந்தது. விதையே வைக்காது, கரணைதான் நட வேண்டும். நான் நட்டது வரப்பு ரகம், செலவில்லாத ரகம்.

சித்திரை, வைகாசி

கடப்பாரையைப் போட்டதும் வந்தவை: செங்கல் சில்லு, இறுகிப்போன சிமென்ட் கலவை, டைல்ஸ் துண்டு, கட்டுக்கம்பி. வீட்டு வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் உள்ளேயே தள்ளி மேலே ஒரு லோடு செம்மண் பரப்புவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்திச் சலித்தோம். காலி ஊறுகாய் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படிந்துவிடும், வண்டலுக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும், களி மறுநாள்வரை தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். என் பாட்டிலில் பாதிக்கு மேல் மணல். அதாவது தண்ணீர் தேங்காது, ஈரம் நிற்கவும் நிற்காது. மக்கிய தொழுவுரம் தாராளமாகப் போட இதுவே போதுமான காரணம். மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 8.2 என்று வந்தது. கலவைச் சுண்ணாம்பும் போர்த் தண்ணீரும் சேர்ந்த வேலை அது. இந்த எண் பிறகு மறுபடி வரும்.

வீட்டுச் சுவரிலிருந்து கேட் பக்கமாக 30 அடிக்கு 4 அங்குலம் சரிவு கொடுத்தோம். கொத்தனார் தண்ணீர்க் குழாயில் மட்டம் பிடித்துக் கொடுத்தார்.

அப்புறம் கோரை. இந்தப் பதிவில் பாதி அதற்கே உரியது. தரையைச் சமப்படுத்தித் தண்ணீர் மட்டும் விட்டுவிட்டு, எதையும் நடாமல் காத்திருந்தேன். கிடக்கிற விதையும் கிழங்கும் முளைத்து வெளியே வரட்டும் என்பதுதான் திட்டம். பத்து நாள் போவதற்குள் பளபளவென்று கரும்பச்சையில் ஈட்டி ஈட்டியாகக் கிளம்பியது. கோரைதானா என்று சந்தேகம் இருந்தால் தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். புல் என்றால் வழுக்கி உருளும். கோரைக்கு மூன்று முனை, தட்டித் தட்டி நிற்கும். கையால் இழுத்தால் 'டப்' என்று தண்டு மட்டும் வந்துவிடும். கிழங்கு அடியிலேயே உட்கார்ந்து, நான்காம் நாள் அடுத்த குருத்தை அனுப்பும். களைக்கொத்தைச் சாய்வாக இறக்கி மண்ணோடு பெயர்த்தால்தான் கிழங்கு வரும். வந்தாலும் ஒன்றோடு நிற்காது. மெல்லிய வேர்க்கயிறு ஒன்று அடுத்த கிழங்குக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்றுக்கு. கயிறு அறுந்த இடத்தில் மறுபடி தோண்ட வேண்டும். உடைத்து மோந்தால் நல்ல வாசனை. நாட்டு மருந்துக் கடைக்காரருக்கு அது சரக்கு, எனக்கு எதிரி. கறுப்பு பாலிதீன் விரித்து மூடும் யோசனையும் இருந்தது. ஆனால் மெல்லிய ஷீட்டைக் கோரைக்குருத்து குத்திக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். கரும்புக்காரர்கள் ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கிறார்கள். ஒரு சென்ட்டுக்குக் களைக்கொத்தே போதும் என்று இருந்துவிட்டேன். தண்ணீர் விடு, முளைக்க விடு, பெயர்த்து எடு. இதையே திரும்பத் திரும்பச் செய்து, முளைப்பு கண்கூடாகக் குறைந்த பிறகுதான் புல்லைக் கொண்டுவந்தேன். நர்சரியில் ஒரே நாளில் பச்சை காட்டுகிறவர்கள் இந்த வேலையைச் செய்வதில்லை. அவர்கள் பதித்த புல் ஆறாம் மாதம் கோரைக்காடாகிக் கிடப்பதை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும்.

ஆனி

நடவுக்கு இரண்டு முறைகளைப் பக்கம் பக்கமாகச் செய்து பார்த்தேன். பெரும்பகுதியில், இரண்டு மூன்று கணு உள்ள கொடித்துண்டுகளை 4 அங்குல இடைவெளியில் குத்தி வைத்தது. கணு மண்ணுக்குள், நுனி வெளியே. கேட் ஓரத்துப் பட்டையில், புல்லை விரல் நீளத்துக்கு நறுக்கி, பச்சைச் சாணமும் செம்மண்ணும் சம அளவு சேர்த்துக் குழைத்து, ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசியது. தோட்டக்கலையில் இதற்குப் புல் பூச்சு என்றே பெயர். பூசிய மறுநாள் மேலே சன்னமாகக் காய்ந்த மண் தூவி அழுத்த வேண்டும். ரோலர் இல்லாததால் பழைய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி உருட்டினேன்.

பூச்சில் வேலை சீக்கிரம் முடிந்தது, பிடிப்பு ஒரே சீராக இல்லை. சாணம் வெயிலில் ஓடு கட்டிய இடங்களில் குருத்து வெளியே வரத் திணறியது. குத்தி நட்டதற்கு முதுகு ஒடிந்தது, ஆனால் போனவை குறைவு. மறுபடி செய்தால் குத்தித்தான் நடுவேன்.

ஆடி, ஆவணி

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் எம்மாத்திரம்? பாதி பக்கத்து வீட்டு மதிலுக்குத்தான் போனது. அதனால் விடியற்காலைக்கு மாற்றினேன். எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று தெரிந்துகொள்ள எவர்சில்வர் டம்ளர்களை அங்கங்கே வைத்து அளப்பது நல்ல வழி. ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் விட்டால் ஓர் அங்குல மழைக்குச் சமம். வேர் பிடிக்கும்வரை தினமும் லேசாக. பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு அரை அங்குலம். தினம் தினம் மேலாக நனைத்தால் வேர் மேலேயே தங்கிவிடும். புல் தண்ணீர் கேட்கும்போது நிறம் சாம்பல் பூத்தாற்போல மங்கும், நடந்து போனால் கால் தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும். அதைப் பார்த்துக் குழாயைத் திறந்தால் போதும், நாள்காட்டி வேண்டாம்.

கொடிகள் கைகோத்ததும் வெட்டு ஆரம்பம். இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. அருகுக்கு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் சரியான உயரம். இரண்டு வாரம் விட்டுவிட்டு ஒட்ட வெட்டினால் அடித்தண்டு வைக்கோல் நிறத்தில் பல்லிளிக்கும். கையால் தள்ளும் உருளை மோவர்தான் வைத்திருக்கிறேன். பிளேடு மழுங்கினால் இலை நுனி கிழிந்து, மறுநாள் தூரத்திலிருந்து பார்த்தாலே தரை வெளிறித் தெரியும். வெட்டிய துணுக்கை அப்படியே விட்டுவிடுகிறேன், தானாக மக்கிவிடும். அடிக்கடி வெட்டுவதில் இன்னொரு லாபம்: தப்பிப் பிழைத்த கோரை ஒவ்வொரு முறையும் தலை இழந்து சோர்கிறது, அருகு பக்கவாட்டில் பரவி அதன் இடத்தைப் பிடிக்கிறது.

ஆவணிக் கடைசியில் இளம் இலைகள் மஞ்சளாயின. நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள். யூரியா போடச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் தழைச்சத்துக் குறை என்றால் மஞ்சள் முதிர்ந்த இலையில் தொடங்கும். இது குருத்தில் வந்தது, இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, 8.2 என்ற அந்தக் காரத்தில் வேரால் எடுக்க முடியவில்லை. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலம் இலைமேல் தெளித்தேன். ஒரு வாரத்துக்குள் கரும்பச்சை. தெளிக்கும்போது சிமென்ட் தரை, டைல்ஸ் பக்கம் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை லேசில் போகாது. யூரியாவும் பிறகு போட்டேன்: சென்ட்டுக்கு 400 கிராம், மணலோடு கலந்து, இலை காய்ந்திருக்கும்போது வீசி, உடனே தண்ணீர். தண்ணீர் விடத் தாமதித்தால் இலை கருகும். மூத்திரத்திலும் இதே யூரியாதான், எங்கள் நாய் கால் தூக்கும் மூலையில் இந்தக் கணக்கைப் படமாகவே பார்க்கலாம். நடுவில் கருகிய வட்டம், அதைச் சுற்றி மற்ற இடத்தைவிடச் செழித்த பச்சை வளையம்.

ஐப்பசி முதல் தை வரை

வடகிழக்கு மழையில் குழாயைத் தொடவே இல்லை. மழை ஓய்ந்த காலையில் அங்கங்கே காளான் கிளம்பியது. அடியில் சென்ட்ரிங் மரத்துண்டு எங்கோ மக்குகிறது என்று அர்த்தம், புல்லுக்குக் கெடுதல் இல்லை. மார்கழிப் பனியில் வளர்ச்சி மந்தம், வெட்டு மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. உரமும் நிறுத்தம்.

சரியாக வராத இடம் ஒன்று உண்டு. மாமரத்துக்கு அடியில் அருகு நூலாக மெலிந்து, மண் தெரிகிறது. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் இல்லாத இடத்தில் அது நிற்காது, எந்த உரமும் உதவாது. அங்கே நிழல் தாங்கும் எருமைப்புல் கொஞ்சம் கேட்டு வைத்திருக்கிறேன். அகலமான இலை, தடித்த கொடி, இரண்டும் சேரும் எல்லையில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், தெரியட்டும். மாசிக் கடைசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் நடலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்னால் அந்த இடத்திலும் தண்ணீர் விட்டுக் கோரையை முளைக்கவிட்டு எடுக்க வேண்டும். இந்த வாரம்தான் முதல் தண்ணீர் விட்டிருக்கிறேன்.