சூட்டோடு நிற்கும் எஞ்சின், கொதிக்கும் பெற்றோல்

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவில் ஆட்களை இறக்கிவிட்டுக் கால்மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால், படகின் அவுட்போர்ட் எஞ்சின் பிடித்த கையோடு நிற்கிறதா? பிளக்கைக் கழற்ற அவசரப்படாதீர்கள். எஞ்சின் நின்றதும் கூலிங் தண்ணீரும் நின்றுவிடும். பிளாக்கின் சூடு எஞ்சினின் மேல்மூடிக்குள் தேங்கி, வேப்பர் செப்பரேட்டரிலுள்ள (ஆவியைப் பிரித்து பெற்றோலைத் தேக்கிவைக்கும் சிறு தொட்டி) பெற்றோலை ஆவியாக்கும். ஆவியைப் பம்பால் தள்ள முடியாது.

மேல்மூடியைத் திறந்து சூட்டை வெளியேற்றுங்கள். பெற்றோல் மணம் அடித்தால் சாவியைத் தொடவே வேண்டாம். பெற்றோல் குழாயிலுள்ள பிரைமர் பல்பை (கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை), அதன் அம்புக்குறி மேல்நோக்கியிருக்க, இறுகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

அடிக்கடி வந்தால் டாங்கிலிருந்து பெற்றோலை உறிஞ்சும் பக்கத்தில் கோளாறு இருக்கலாம்: அடைத்த 10 மைக்ரோன் ஃபில்டர், உட்தோல் உரிந்த குழாய். இவற்றால் பம்ப் உறிஞ்சும் இழுவை கூடக்கூட பெற்றோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அந்த இழுவையை அளக்கும் வெற்றிட மானியில் 2.5 அங்குலப் பாதரசத்தைத் தாண்டினால் ஃபில்டரையும் குழாயையும் பார்த்து, கோளாறானதை மாற்றுங்கள். செப்பரேட்டருக்குக் கூலிங் தண்ணீர் போகும் மெல்லிய குழாயில் உப்பும் கட்டியிருக்கலாம். பலர் அதைப் பார்ப்பதேயில்லை.